அல்லி அரசாணி தன் கதையைத் தானே சொல்வதென்றால் எப்படி எழுதுவது?

மல்லாவி_வாசகி:

எங்கள் ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடப்போகிறோம். மண்டபம் ஒன்றும் இல்லை, கோயில் வீதியில் தறப்பாள் கட்டி ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கோவலனும் அரிச்சந்திரனும் ஆடி ஆடிச் சனத்துக்குப் பாடமாகிவிட்டது, அதில் பெண்களுக்குக் கிடைக்கிறதெல்லாம் அழுகிற பாகம்தான், ஒருநாளாவது வாள் பிடிக்க வேணும் என்று ஒரு அக்கா சொன்னா. எல்லாரும் கைதட்டினார்கள். அல்லி அரசாணி என்று முடிவாகிவிட்டது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பாண்டியன் அல்லிப் பூவில் கண்டெடுத்து வளர்த்த பிள்ளை. நாட்டைப் பறித்த நீன்முகனைச் சின்ன வயதிலேயே வென்று மதுரையை ஆள்கிறாள். மந்திரி, காவல், படை எல்லாம் பெண்கள். அர்ச்சுனன் ஆசைப்படுகிறான், அவள் மாட்டேன் என்கிறாள். கண்ணன் பாம்பாட்டியாக வர, அர்ச்சுனன் பாம்பாக அரண்மனைக்குள் போய், அவள் நித்திரையில் இருக்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். அதற்குப் பிறகு அவள் அவனுடைய மனைவி. புலந்திரன் பிறக்கிறான். அந்தப் பிள்ளை பவளத் தேர் வேணும் என்று அழ, தேர் எடுக்கப் போன தகப்பன் பவளக்கொடியையும் கட்டிக்கொள்கிறான்.

இதை அல்லியே சொல்கிற மாதிரி எழுதத்தான் ஆசை. பிரச்சினை என்னவென்றால், அவளை வாய் திறக்க வைத்த உடனே முறைப்பாடு தொடங்கிவிடுகிறது. என்னைக் கேட்டார்களா, என் மனம் என்ன பாடுபட்டது என்று ஒரு பக்கம் தாண்டினால் கிராம அலுவலரிடம் கொடுக்கிற மனு மாதிரி வந்து நிற்கிறது. ஒரு நாட்டை ஆண்டவள் இப்படியா கதைப்பாள்? அடுத்தது அந்தத் தாலிக் காட்சி. கட்டினது கட்டினதுதான், அதில் கை வைக்காதே என்று மூத்த அம்மாமார். எழும்பி அவன் தலையை வெட்டட்டும் என்று இளம் பிள்ளைகள். எனக்கு இரண்டிலும் மனம் போகவில்லை. ஏதாவது யோசனை சொல்லுங்கோ.


முசலிக்_கடல்:

தங்கச்சி, உங்கள் அல்லி அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறா, அதுதான் வருத்தம். எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கதையில் அவள் மதுரையில் இல்லை, குதிரைமலையில் இருந்து ஆண்டவள். இப்போது வில்பத்துக் காட்டுக்குள் இருக்கிற இடம், செம்மண் மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அரிப்பு என்கிற ஊரில் கடலோரம் இடிந்து கிடக்கிற கட்டடத்தைக்கூட இங்கே எல்லாரும் அல்லி ராணி கோட்டை என்றுதான் சொல்வோம். உண்மையில் அதைக் கட்டியது பிரடெரிக் நோர்த் என்கிற வெள்ளைக்காரத் தேசாதிபதி, முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்காக 1800களின் தொடக்கத்தில் எழுப்பிய பங்களா. செங்கல்லும் சுண்ணாம்பும், கடல் அரித்து அரித்துப் பாதி போய்விட்டது. தேசாதிபதி கட்டிய வீட்டைச் சனம் தூக்கி அல்லிக்குக் கொடுத்துவிட்டது பாருங்கோ, முத்து என்றால் அது அவளுடையது என்கிற எண்ணம் அவ்வளவு ஊறியிருக்கு.

நான் சொல்லவந்தது இதைத்தான். அவளுக்கு ஒரு கடலைக் கொடுங்கோ. அவள் காலையில் எழும்பினால் அர்ச்சுனனையா நினைப்பாள்? காற்றைத்தான் பார்ப்பாள். அந்தக் காலத்து முத்துக்குளிப்பு என்றால் பங்குனி, சித்திரையை ஒட்டிக் கடல் ஓய்ந்து கிடக்கிற கொஞ்ச நாள்தான். தோணிகள் நடுச்சாமத்துக்குப் பிறகு தரைக்காற்றில் பாருக்கு, அதாவது சிப்பி கிடக்கிற கடலடித் திட்டுக்குப் போகும், விடியக் குளிக்கத் தொடங்கி மத்தியானத்தோடு கடல்காற்றில் திரும்பும். குளிக்கிறவன் கல்லில் கால் வைத்து இறங்குவான், தோணியில் ஒருத்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே இருக்கிறவனின் உயிர் மேலே நிற்கிறவனின் கையில். அதனால் கயிறு பிடிக்கக் கண்டவனையும் விடமாட்டார்கள். கரைக்கு வந்தால் சிப்பியைக் குவித்து அழுகவிட வேண்டும், இலையான் மொய்க்கும், அந்த மணத்துக்குப் பழகாதவன் கிட்ட நிற்க ஏலாது. அதைக் கழுவித்தான் முத்துப் பொறுக்குவது. ராணியின் கழுத்தில் கிடக்கிற முத்து அப்படி வந்ததுதான்.

பங்கு வேறு இருக்கிறது. வெள்ளைக்காரனின் கடைசிக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, குளித்தவனுக்கும் தோணிக்கும் மிச்சம். அல்லி எவ்வளவு எடுத்தாள்? கதை சொல்லாது. நீங்கள் சொல்லலாம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்கிற கடற்கட்டிகளுக்கு வெள்ளைக்கார அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் நம்பிக்கை வைத்தல்ல, அவர் கரையில் நிற்காவிட்டால் ஒருத்தனும் கடலில் இறங்கமாட்டான், அதற்காக. அல்லியும் கொடுத்திருப்பாள். நம்பாமலே கொடுத்திருப்பாள். அந்த ஒரு காட்சி காணும், இவள் ஆள்கிறவள் என்று சனத்துக்கு விளங்கும்.


கூத்தடி:

முசலி அண்ணர் சொன்னது சரி. நான் மேடைப் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன்.

அரசன் தன் வாயால் தன்னைச் சொல்கிறது கூத்தில் புது விசயமே இல்லை. கட்டியகாரன் வந்து அரசன் வருகிறான் என்று அறிவிப்பான், திரைக்குப் பின்னால் சத்தம் கேட்கும், பிறகு அவர் வந்து இன்ன நாட்டை ஆள்கிறேன், இன்னாரை வென்றேன் என்று தன் வரவைத் தானே பாடுவார். அவர் ஒருத்தரிடமும் முறையிடுவதில்லை. மந்திரியைக் கூப்பிடுவார், மாதம் மும்மாரி பெய்கிறதா என்று கேட்பார், உத்தரவு போடுவார். பெண் பாத்திரத்துக்கும் வரவு உண்டு, ஆனால் அந்த ஆட்டம் வேறு, பாட்டு வேறு. தோழியோடு பூப்பறிக்க வருவாள், அழகைச் சொல்வாள், பிறகு துக்கம். நாங்கள் எல்லாரும் அந்த இரண்டாவது மெட்டில்தான் பெண்ணை யோசித்துப் பழகிவிட்டோம். உங்கள் அல்லி மனு எழுதுகிறாள் என்றால் அந்த மெட்டு உங்கள் காதில் ஓடுகிறது.

அல்லிக்கு அரச வரவைக் கொடுங்கோ. ராசாவின் தாளக்கட்டு, ராசாவின் மிதி, கட்டியகாரியும் ஒருத்தி. கொலுவில் இருந்து மும்மாரி கேட்கட்டும். எங்கள் பக்கத்தில் முந்தி ஆம்பிளைகள்தான் சேலை கட்டிப் பெண் வேசம் போட்டார்கள். இப்போது பெண்கள் கிரீடம் வைத்து ராசா மிதி மிதித்தால் சனம் முதலில் சிரிக்கும். சிரிக்கட்டும். கால் சரியாக விழுந்தால் அடங்கிவிடும். மத்தளக்காரரிடம் இப்பவே சொல்லிவையுங்கோ, கடைசி நேரத்தில் சொன்னால் அவர் பழைய மெட்டைத்தான் அடிப்பார்.


பழையகோட்டை:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது பாரதக் கதை. பாரதத்தில் இருக்கிறதை அவரவர் இஷ்டத்துக்கு மாத்தி, இன்றைக்கு அல்லி, நாளைக்குத் திரௌபதி, அடுத்த நாள் இராமாயணத்துச் சூர்ப்பனகை என்று போனால் பிள்ளைகளுக்கு எது கதை எது கற்பனை என்றே தெரியாமல் போய்விடும். பெண்ணுக்கு மரியாதை கொடுக்க வேணுமென்றால் புதுக்கதை எழுதலாமே.


ஓமந்தை_வாசகன்:

பழையகோட்டை ஐயா, கோபிக்காதீங்கோ. வியாசர் பாரதத்தில் அல்லி என்று ஒருத்தியே இல்லை. சித்திராங்கதை இருக்கிறாள், அவளை அர்ச்சுனன் தகப்பனிடம் முறையாகக் கேட்டுத்தான் கட்டுகிறான், பாம்பும் இல்லை பாம்பாட்டியும் இல்லை. அல்லி நம்முடைய சனத்தின் வாயில் இருந்து வந்தவள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை எல்லாம் அப்படித் திண்ணையில் உட்கார்ந்து பாடிக் கேட்ட கதைகள்தான். பாரதத்தில் இல்லாத ஒருத்தியைச் சனம் உண்டாக்கி, ஆண்வாடை இல்லாத ஒரு அரசாங்கத்தையும் அவளுக்குக் கொடுத்து, பிறகு பயந்துபோய் ஒரு தாலியால் அதை மூடிவைத்திருக்கிறது. ஆக, மாத்துகிற வேலை எப்பவோ தொடங்கிவிட்டது, மல்லாவிப் பிள்ளை புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் எனக்கு வேறு ஒரு பயம் இருக்கு. இப்படி எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெண்ணை நல்லவளாக்கிவிடுகிறார்கள். இயக்கர் குலத்துக் குவேனியைப் பாருங்கோ. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் அவள் மரத்தடியில் தவசி மாதிரி உட்கார்ந்து நூல் நூற்கிறாள், கடல் கடந்து வந்த விஜயனின் ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து வைக்கிறாள். அவன் வந்து மடக்கினதும் அவனோடு சேர்ந்துகொண்டு, தன் சொந்த இயக்கர் கூட்டம் ஒரு கல்யாண வீட்டில் கூடியிருக்கும்போது காட்டிக்கொடுக்கிறாள். அவர்களை அழித்துத்தான் விஜயன் அரசனாகிறான். பிறகு அவனுக்கு மதுரையில் இருந்து பாண்டியன் மகள் வருகிறாள், இவளைப் போகச் சொல்கிறான். போக்கிடம் இல்லாமல் தன் ஆட்களின் ஊருக்கே போகிறாள், அங்கே ஒரு இயக்கன் ஒரே அடியில் கொல்கிறான். கைவிடப்பட்டவள் என்று அவளுக்காக நாடகம் எழுதுகிறவர்கள் அந்தக் கல்யாண வீட்டை மெல்லத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைத் தாண்டினால் அவளிடம் என்ன மிச்சம்? ஒரு இனத்தின் முடிவு அவள் கையில் இருந்தது, அவள் ஒரு முடிவு எடுத்தாள், அது பிழையாகிப் போனது. அவளுடைய கண்ணால் பார்க்கிறதென்றால் அந்த இரவையும் அவள் கண்ணால்தான் பார்க்க வேணும்.

அல்லிக்கும் அப்படி ஒன்று இருக்கும். தேடிப் பாருங்கோ. அவள் எதில் பிழை விட்டாள்?


வற்றாப்பளை_வீதி:

ஓமந்தைத் தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. நான் கண்ணகியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், அல்லிக்கு உதவினால் எடுங்கோ.

சிலப்பதிகாரத்தில் படித்த கண்ணகி முதலில் பேசாமடந்தை, புருசன் செத்த பிறகுதான் அவளுக்குள் நெருப்பு வருகிறது. நம் பக்கத்தில் வழங்குகிற வழக்குரைக் கதையில் அப்படி இல்லை. பாண்டியனின் தோட்டத்தில் மாங்கனியாக வந்து பிறக்கிறாள், அந்தக் கனியாலேயே அவனுடைய நெற்றிக்கண் போய்விடுகிறது, பேழையில் வைத்துக் கடலில் விட அது காவிரிப்பூம்பட்டினத்தில் கரை சேர்கிறது. பாண்டியனின் கணக்கை முடிக்கத்தான் வந்தவள். துயரம் அவளுக்குப் பலத்தைக் கொடுக்கவில்லை, பலத்தோடுதான் வந்தாள், துயரம் இடையில் வந்தது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கோ.

பிறகு மதுரையை எரித்துவிட்டு இங்கே, முல்லைத்தீவுப் பக்கம் வருகிறாள். நந்திக்கடலோரம் மாடு மேய்க்கிற பொடியன்களிடம் ஒரு கிழவியாக வந்து, பசிக்குது, பொங்கித் தாருங்கோ என்கிறாள். பொங்குகிறார்கள். இருட்டிவிட்டது, விளக்கு வையுங்கோ என்கிறாள். எண்ணெய் இல்லை ஆச்சி என்கிறார்கள். கடல்தண்ணீரை அள்ளி ஊற்று என்கிறாள். ஊற்றுகிறார்கள், எரிகிறது. தலை கடிக்குது, பேன் பார் என்கிறாள். ஒரு பொடியன் மயிரைப் பிரித்துப் பார்க்கிறான், தலை முழுக்கக் கண். ஆயிரம் கண்.

அந்தக் கிழவி ஒரு இடத்திலாவது தன் கதையைச் சொல்கிறாளா? எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கோ என்று ஒரு வார்த்தை? இல்லை. பொங்கு, ஊற்று, பார். அவ்வளவுதான். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டாவிநாயகர் கோயிலில் உப்புத் தண்ணீரில் விளக்கு வைத்து, பிறகு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கொண்டு போகிறோம். எத்தனை இடம்பெயர்வு, எத்தனை அழிவுக்குப் பிறகும் சனம் திரும்பி வந்து அந்தத் தண்ணீரை எடுக்கப் போனது. அவள் சொன்னாள், செய்கிறோம். பொங்கல் பானை வைக்கிற ஒருத்தரும் கோவலனை நினைத்து வைக்கிறதில்லை.

ஆகவே பிள்ளை, அல்லியின் வாயில் நீளமான வசனம் வையாதேங்கோ. ஏவல் வையுங்கோ. சின்னச் சின்ன ஏவல்.


மல்லாவி_வாசகி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே யோசனைதான், அடுப்பில் வைத்த கறி பிடித்தது கூடத் தெரியவில்லை.

ஓமந்தை அண்ணாவின் கேள்விதான் கதவைத் திறந்தது. அல்லி எதில் பிழை விட்டாள்? பாம்பாட்டியை உள்ளே விட்டது அவள்தானே! ஆண் நுழையக்கூடாது என்று சட்டம் போட்டவளும் அவள், பாம்பாட்டம் பார்க்க ஆசைப்பட்டு அந்தச் சட்டத்தை ஒரு நாளைக்குத் தளர்த்தியவளும் அவள். அப்படியென்றால் விடியக்காலையில் கழுத்தில் தாலியோடு எழும்புகிற ராணி முதலில் என்ன கேட்பாள்? ஐயோ என் கற்பு என்றா? வாசலில் நின்றது யார் என்றுதான் கேட்பாள். அர்ச்சுனனின் தலையை வெட்டுகிறதும் இல்லை, அவன் காலில் விழுகிறதும் இல்லை. மேடையில் அர்ச்சுனனே வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆளில்லாமல் தாலி மட்டும் போதும்.

இவ்வளவு எழுதியிருக்கிறேன், பாருங்கோ:

(விடியல். அல்லி கட்டிலில் எழும்பி இருக்கிறாள். கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். எழும்பிக் கதவடிக்கு வருகிறாள்.)

அல்லி: தோணி போய்விட்டதா?

காவற்காரி: சாமத்திலேயே போய்விட்டது, அரசி. காற்று நல்லா இருந்தது.

அல்லி: கடற்கட்டி கரையில் நிற்கிறானா?

காவற்காரி: நிற்கிறான்.

அல்லி: இரவு மூன்றாம் வாசலில் யார்?

காவற்காரி: நான்தான்.

அல்லி: யார் வந்தது?

காவற்காரி: ஒருத்தரும் வரவில்லை. பாம்பாட்டி விட்டுவிட்டுப் போன கூடை மட்டும் உள்ளே இருந்தது. அதை எடுத்து வெளியே வைக்கவா என்று கேட்டேன். இருக்கட்டும், நாளைக்கும் பார்க்க வேணும் என்று நீங்கள் சொன்னீர்கள்.

(அல்லி தாலியைச் சேலைக்குள் விடுகிறாள். திரும்ப வெளியே எடுக்கிறாள்.)

காவற்காரி: அரசி, அது...

அல்லி: கொலுவைக் கூட்டு.

இதற்குப் பிறகு கொலு. அங்கே எல்லாரும் கழுத்தைப் பார்க்கிறார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வழக்கு ஒன்று வருகிறது: கயிறு பிடித்தவன் கண்ணயர்ந்ததால் கீழே குளித்தவன் செத்துவிட்டான். (முசலி அண்ணா, இது உங்களிடம் எடுத்தது.) அவனுக்கு என்ன தண்டனை என்று அல்லி சொல்ல வேணும். அவன் பிழை என்றால் காவற்காரியும் பிழை, காவற்காரி பிழை என்றால் தானும் பிழை. சபை முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. இங்கேதான் நான் நிற்கிறேன். தீர்ப்பு என்ன என்று இன்னும் எழுதவில்லை.


முசலிக்_கடல்:

இது நல்லா வந்திருக்கு தங்கச்சி. ஒரு திருத்தம். கயிறு பிடிக்கிறவன் நின்றபடி நித்திரை கொள்கிற வேலை இல்லை அது, ஒரு மூச்சு நேரம்தான், அதற்குள் எப்படிக் கண்ணயர்வான்? இழுக்கச் சொல்லிக் கீழே இருந்து கயிற்றை ஆட்டியிருப்பான், மேலே நின்றவன் பக்கத்துத் தோணிக்காரனோடு வாய் கொடுத்துக்கொண்டு கவனியாமல் விட்டிருப்பான். அப்படி எழுதுங்கோ. பார்க்கப்போனால் அது உங்கள் கதைக்கும் கிட்ட வரும், அவளும் ஆட்டம் பார்த்துக்கொண்டுதானே கவனியாமல் விட்டாள்.


பழையகோட்டை:

படித்தேன். நான் சொன்னது சொன்னதுதான், ஆனாலும் அந்தக் காட்சி பிழையில்லை. தாலியை அவள் கழற்றவில்லை என்றதைக் கவனித்தேன். கழற்றாமல் விட்டதற்குக் காரணம் பயமா, பக்தியா, வேறு ஏதுமா? அதைச் சொல்லாமல் விடுவதாக இருந்தால் நாடகம் பார்க்கிற மூத்த ஆட்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொள்வார்கள், இளசுகள் தங்களுக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொள்ளும்.


மல்லாவி_வாசகி:

ஐயா, அதுதான் எனக்கும் வேணும். எங்கள் அம்மாமாரும் பிள்ளைகளும் ஒரே மேடையில் நிற்க வேறு வழி இல்லை :)

ஆனால் அல்லிக்குக் காரணம் தெரிந்திருக்க வேணும், நடிக்கிற அக்காவுக்கும் தெரிந்திருக்க வேணும். என் கணக்கு இதுதான்: கழற்றினால் நடந்தது ஒரு இரகசியமாகிவிடும், இரகசியம் என்றால் அது அர்ச்சுனனின் கையில் இருக்கும், எப்போது வேணுமானாலும் வெளியே விடுவான். வெளியே போட்டுக்கொண்டு கொலுவில் இருந்தால் அது ஒரு வழக்கு, வழக்கு என்றால் விசாரிக்கிறவள் அவள்.


கூத்தடி:

இது காணும். தீர்ப்பைப் பாட்டில் வையாதேங்கோ, வசனத்தில் வையுங்கோ, பாட்டில் வைத்தால் மத்தளத்தில் அமுங்கிப் போகும். அல்லிக்கு ஆள் கிடைத்துவிடும், கிரீடம் என்றால் எல்லாரும் ஓடி வருவார்கள். காவற்காரிக்கு யாரைப் போடப்போகிறீர்கள்? நீங்கள்தான் சொன்னீர்கள் என்று ராணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேணும், குரலும் உயரக்கூடாது, நடுங்கவும் கூடாது. அதற்குத்தான் உங்களிடம் இருக்கிறதில் நல்ல நடிகையாகப் பார்த்து எடுங்கோ.